கேட்காமல் விட்ட பாதி

மூன்றாவது தடவையும் அதே இரைச்சல்தான் வந்தது. சபுரா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசை மேல் இருந்த இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று பழைய டேப்ரெக்கார்டர். மற்றது மகள் தஸ்லீமா விட்டுப்போன லேப்டாப். நடுவில் ஒரு கறுப்பு ஒயர். இதில் ஓடுவது அதில் பதிவாக வேண்டும், அவ்வளவுதான் வேலை. லுஹர் தொழுதுவிட்டு இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள், மணி மூன்றாகப் போகிறது, இன்னும் ஒரு வாக்கியம் உருப்படியாக ஏறவில்லை. கேசட்டில் பேசுவது அவள் புருஷன் சீனி முகம்மது. இருபத்தொன்பது வயசில், சவுதியில் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, தகரக் கொட்டகை அறையில் உட்கார்ந்து பேசி அனுப்பியது. அந்த சீனி முகம்மதுக்கு இப்போது அறுபத்து நாலு. பக்கத்து அறைக் கட்டிலில் படுத்திருக்கிறார். மூளையில் ரத்தம் கட்டி, வலது கை விழுந்து, பேச்சும் போய் ஏழு மாசம். பேசுவதெல்லாம் விளங்குகிறது, பதில்தான் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிரேஸ் மேடம்தான் போன வாரம் கேட்டார், "அவர் குரல் ஏதாவது பழைய ரெக்கார்டிங் இருக்காம்மா? தெளிவா ஒரு பத்து நிமிஷம் இருந்தாப் போதும். அவரே சொன்ன வார்த்தைய அவருக்கே போட்டுக் காட்டிப் பாக்கலாம். ஆனா முதல்ல எனக்கு அனுப்புங்க, திடீர்னு அவர் காதுல விழ வேணாம்" என்று. வீடு முழுக்கத் தேடியாயிற்று. தஸ்லீமா கல்யாண வீடியோவில் ஒரு இடத்தில் தண்ணீர் பாட்டிலோடு குறுக்கே நடந்துபோகிறார், வாய் திறக்கவில்லை. போனில் வீடியோ எடுத்தால் எழுந்து போய்விடுகிற மனுஷன். அவர் குரல் என்று துனியாவில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு கேசட். அதிலும் சத்தம் இப்படிக் கிழிகிறது.

தஸ்லீமா சென்னையில் ஆபீஸில் இருந்தாள். டீ நேரம் என்று போனை எடுத்தாள். "அம்மா, சத்தம் கிழியுதா, இல்ல உறுமுதா? ரெண்டும் வேற வேற கோளாறு" என்றாள். "கிழியவும் செய்யுது, உறுமவும் செய்யுது." "அப்ப முதல்ல கிழியறதப் பாருங்க. டேப்ல வால்யூம எவ்வளவு வச்சிருக்கீங்க?" "முழுசாத்தான். கம்ப்யூட்டருக்குக் கேக்கணும்ல." தஸ்லீமா சிரித்தாள். "அது உங்க அளவுக்கு செவிடு இல்லம்மா. மைக் ஓட்டைல சொருகியிருக்கீங்க, அது மெல்லமாப் பேசறதக் கேக்கறதுக்குப் பண்ணது. நீங்க அது காதுக்குள்ள கத்துறீங்க. ரெண்டுக்கு இறக்குங்க. லேப்டாப்லயும் மைக் அளவு நூறுல இருக்கும், பாதியாக்குங்க. ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கும் பாருங்க, அது சிவப்பத் தொடக் கூடாது. தொட்டா அந்த இடம் கிழிஞ்சதுதான், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது." சபுரா இறக்கினாள். இருபத்தாறு வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், சாவியை எத்தனை பலமாக அடித்தாலும் எழுத்து அழுத்தமாக விழாது, தாள்தான் ஓட்டை விழும் என்று தினம் நாலு பேரையாவது திட்டியவள், அவளுக்கே இது தோன்றவில்லை. பச்சைக் கோடு அடங்கியது. கிழிசல் நின்றது. கிழிசலுக்குப் பின்னால் அதுவரைக்கும் மறைந்து நின்ற உறுமல் இப்போது தனியாகக் கேட்டது. உறுமலுக்கும் பின்னால் ஒரு ஆம்பிளைக் குரல், மழைநாளில் நாலு வீடு தள்ளிப் பேசுகிற மாதிரி. என்ன சொல்கிறான் என்று பிடிபடவில்லை. ஆனால் அவன்தான். முடிக்கும்போது ஒரு இழுப்பு இழுப்பானே, அந்த இழுப்பு. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் இருப்பவரை அவர் என்றும் கேசட்டில் இருப்பவனை அவன் என்றும் மனசு தானாகப் பிரித்துக்கொண்டதை அப்போதுதான் கவனித்தாள், கவனித்ததும் கூச்சமாக இருந்தது, எவனோ அந்நிய ஆம்பிளைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"அந்த உறுமல் கரண்ட்டால வருது" என்று தஸ்லீமா போகிற போக்கில் சொல்லியிருந்தாள், "சார்ஜர உருவிட்டு பாட்டரில ஓட விடுங்க." உருவினாள். உறுமல் அறுந்து விழுந்தது. வீடே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அது பழைய பாட்டரி, அறுபத்தொன்று என்று காட்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபது ஆனது. கேசட் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். ஓடியே ஆக வேண்டும், கேசட்டை அவசரப்படுத்த முடியாது, முப்பது நிமிஷப் பேச்சைக் கேட்க முப்பது நிமிஷம் ஆகும். ஒரு காலத்தில் அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. கடுதாசி என்றால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். கேசட் அப்படி இல்லை, அவன் எவ்வளவு நேரம் பேசினானோ அவ்வளவு நேரமும் கூடவே இருந்தாக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. லாரிக்கு அடியில் குட்டி போட்ட பூனையைச் சொல்வான். பாலைவனத்தில் தூரத்தில் ஒரே ஒரு விளக்கு தெரியும், அது வீடா நட்சத்திரமா என்று கூட வேலை பார்க்கிற மலையாளத்தானோடு பந்தயம் கட்டினதைச் சொல்வான். அவள் மாமியாருக்கு ஒரு பாகம், மச்சினனுக்கு ஒரு பாகம் என்று சலாம் சொல்லி முடித்துவிட்டு, "இனிமே சபுரா மட்டும் கேக்கணும்" என்று குரலை இறக்குவான். அந்த இறக்கத்துக்கு அவள் உடம்பு முழுக்கப் பதில் சொல்லும். இருபது, இருபத்தோரு வயசு. கல்யாணமாகி நாற்பத்தைந்து நாள் மட்டும் கூட இருந்துவிட்டுப் போனவன்.

எத்தனை கேசட். எண்ணினால் முப்பதுக்குக் குறையாது. ஆனால் அத்தனையும் மாறி மாறிப் பதிந்தது நாலே நாலு கேசட்டில்தான். அதுதான் அவளை இந்த ஏழு மாசமாகத் தூங்கவிடாமல் அறுப்பது. கேசட்டை யாராவது ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவான். அவள் கேட்பாள், ரெண்டு தரம், மூணு தரம். பிறகு அதிலேயே தன் பதிலைப் பேசி, போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அவன் குரல் மேல்தான் அவள் பேசியாக வேண்டும். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பட்டை ஓட ஓட அவன் அழிந்துகொண்டே போவான், அந்த இடத்தில் அவள் ஏறிக்கொண்டே போவாள். அங்கே போனதும் அவள் மேல் அவன். பூனைக்குட்டிகள் எல்லாம் போயின. அந்த விளக்கு போயிற்று. தன் கையால், இரண்டு விரலால், சந்தோஷமாக அழித்திருக்கிறாள். அன்றைக்கு யாராவது, அடியே வச்சுக்க, பின்னால தேடுவே என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். ஆள்தான் வரப்போகிறானே, குரலை எதுக்கு மடியில் கட்டிக்கொள்ள வேண்டும்?

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். தூக்கம் போல. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினாள். இப்போது குரல் கிட்டத்தில்தான் இருந்தது, ஆனால் தண்ணீருக்குள் இருந்தது. ஒவ்வொரு சொல்லின் வாலையும் யாரோ கடித்துத் துப்பின மாதிரி. 'சபு' என்கிறான், 'ரா' இல்லை. மறுபடி தஸ்லீமாவுக்குப் போன் அடித்தாள். "அய்யோ, அத மறந்துட்டேன்மா. இரைச்சலக் குறைக்கிறதுன்னு ஒரு செட்டிங் அதுல தானா ஓடும். பழைய கேசட்ல குரலும் இரைச்சலும் ஒண்ணாக் கலந்து கெடக்கும்ல, எது குரல் எது இரைச்சல்னு அதுக்குத் தெரியாது. எல்லாத்தையும் பெருக்கித் தள்ளும். அத நிறுத்திருங்க" என்று எங்கே போய் எதை அழுத்துவது என்று சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அத்தா அதுல நெறையப் பேசுறாங்களாம்மா?" என்றாள். அந்தக் கேள்வி சபுராவை எங்கேயோ தைத்தது. தஸ்லீமாவுக்குப் பன்னிரண்டு வயசாகும்போதுதான் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்து சைக்கிள் சாமான் கடை போட்டார். அவள் அறிந்த அத்தா ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை பேசுகிறவர். "பேசுவாரு" என்றாள் சபுரா. "ஒனக்குத் தெரியாது. அப்பிடிப் பேசுவாரு." அப்புறம் ஏன் வந்த பிறகு பேசவே இல்லை என்று மகள் கேட்கவில்லை. அது சபுராவே இருபத்திச் சொச்சம் வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் கேட்காமலே விட்ட கேள்வி. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பேச்சைப் பாலைவனமே வைத்துக்கொண்டது என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிவைத்திருந்தாள். கடையிலிருந்து வருவார், கை கழுவுவார், அவள் முகத்தைப் பார்ப்பார், ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருக்கும், "குழம்புல உப்பு சரியா இருக்கு" என்பார். கேசட்டில் இருந்தவன் எங்கே போனான் என்று அவள் தினம் சோற்றைப் போட்டுக்கொண்டே தேடினாள். வீட்டிலேயே ஆள் இருக்க, ஆளுக்காக ஏங்குவதை யாரிடம் சொல்வது?

செட்டிங்கை நிறுத்தினாள். ஸ்ஸ் என்று பழைய இரைச்சல் திரும்பி வந்தது, அது வந்ததும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லின் வால்களும் வந்தன. அறையில் ஓடின ஏர்கூலரின் கடகடப்பு கூடக் கேட்டது. ஆனாலும் ஒரு மங்கல், கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி. மூடியைத் திறந்து, அவருடைய ஊசிக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, பட்டை உரசுகிற அந்தச் சின்ன உலோகத் துண்டைத் துடைத்தாள். பஞ்சு தேத்தண்ணி நிறத்தில் வந்தது. மூன்று பஞ்சு. அதன் பக்கத்தில் ஒரு பொடி ஆணி இருக்கும், வேறு பெட்டியில் பதிந்த கேசட் என்றால் அதை இம்மி திருகினால் குரல் திறக்கும் என்று அந்தக் காலத்து ரேடியோக் கடைக்காரர் திருகிக் காட்டியது எங்கிருந்தோ ஞாபகம் வந்தது. தையல் மெஷின் திருப்புளியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேசட் ஓட ஓடக் கால் சுற்று திருகினாள். இன்னும் மங்கிற்று. பயந்து எதிர்ப்பக்கம் திருகினாள். திடீரென்று, ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்த மாதிரி, அவன் அறைக்குள் இருந்தான். "சபுரா, நல்லா இருக்கியா புள்ள" என்றான். 'ச' அப்படியே பல்லிடுக்கில் காற்றாக வந்து காதைத் தொட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. அவன் உட்கார்ந்திருந்த கயிற்றுக் கட்டில் முனகுவது கேட்டது. அவள் 'நல்லா இருக்கேன்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பத்தேழு வயசு. ஸ்பிரிட் நாத்தம் அடிக்கிற விரல்.

கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, லேப்டாப்பில் பதிவை ஓடவிட்டாள். பாட்டரி ஐம்பத்தொன்று. சலாம்கள் போயின. பூனை வந்தது, இது வேறு பூனை. ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக ஏறிற்று. கிரேஸ் மேடத்துக்கு வேண்டிய பத்து நிமிஷம் கடந்தது, நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எங்கே வரப்போகிறது என்று தெரியும், இடம் கூடத் தெரியும், வலப்பக்கச் சுருள் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் தடிக்கிற இடம். "இனிமே சபுரா மட்டும் கேக்கணும்" என்றான். "மனசத் தேத்திக்க. பெருநாளுக்கு வர முடியாது. லீவு குடுக்கல. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும் போலருக்கு." கை தானாக நிறுத்துகிற பொத்தானுக்குப் போயிற்று. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இதே இடத்தில்தான் நிறுத்தினாள். புதுப் பாய் வாங்கிவைத்திருந்தாள், மருதாணி அரைக்க ஆள் சொல்லிவைத்திருந்தாள். இன்னும் ரெண்டு வருஷம் என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறான், பூனைக்கும் இதுக்கும் ஒரே குரலா? கேசட்டை உருவி, பீரோ அடியில் தாவணிகளுக்குக் கீழே எறிந்தாள். பதில் பேசவில்லை. பேசாததால்தான் அழிக்கவில்லை, அழிக்காததால்தான் இருக்கிறது. அவள் கோபம் காப்பாற்றிக் கொடுத்த கேசட் இது. ஒரு மாசம் கழித்துக் கடுதாசியில் கேட்டிருந்தான், கேசட் வந்ததா என்று. பட்டை சிக்கிப்போய்விட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதிப்போட்டாள். அதற்கு மேல் அவனும் கேசட் அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் போ என்று அவளும் இருந்துவிட்டாள். கை பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தினால் பதிவும் அதோடு நிற்கும். அழுத்தவில்லை.

பேச்சில்லாமல் கொஞ்ச நேரம் ஓடிற்று. ஏர்கூலர் மட்டும். முடிந்துவிட்டதோ என்று குனிந்தாள். சுருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொண்டையைச் செருமினான். "நிறுத்திட்டியா? நிறுத்தியிருப்ப. ஒன் கோவம் எனக்குத் தெரியாதா" என்றான். லேசாகச் சிரித்தான். "சரி, நீ நிறுத்தினதுக்கு அப்புறம் பேசுறேன். யாருக்கும் கேக்காது. அதனால சொல்லிப்புடுறேன். லீவு குடுக்கலன்னது பொய்யி. குடுத்துட்டாங்க. பேப்பரு கையிலதான் இருக்கு. நாந்தான் வேணாமுன்னு எழுதிக் குடுத்துட்டேன்." சபுரா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பச்சைக் கோடு நிதானமாக ஏறி இறங்கியது, சிவப்பைத் தொடவில்லை. "கல்யாணமாகி நாப்பத்தஞ்சு நாளு இருந்தேன். என்ன பேசுனேன் ஒன்கிட்ட? சாப்பிட்டியா, படுத்தியா. நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்ப, இந்தா சொல்லப்போறான், இந்தா சொல்லப்போறான்னு. பாக்கப் பாக்க எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். சின்னதுலருந்தே அப்பிடித்தான், பள்ளிக்கூடத்துல எந்திரிச்சு நின்னாலே அப்பிடித்தான். இங்க வந்து இந்தப் பொட்டிய வச்சாத்தான் வருது. இதுக்கு மூஞ்சி இல்ல. நீ இப்ப ஆசைப்பட்டுப் பதில் பேசுறியே, அது இவங்கிட்ட. பொட்டிக்குள்ள இருக்கவங்கிட்ட. அவனத்தான் ஒனக்குப் புடிச்சிருக்கு. நான் வந்து நின்னா அவன் வரமாட்டான் சபுரா. ஊமையா ஒருத்தன் பொட்டி படுக்கையோட வந்து எறங்குவான். ஒன் மூஞ்சி விழுந்துரும். அதப் பாக்கணுமேன்னுதான்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. கயிற்றுக் கட்டில் முனகிற்று. "நீ கேட்டுட்டேன்னா, கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. வர்றேன். கேக்கலேன்னா அதுவும் நல்லதுதான்." பிறகு அங்கே ஒரு நாள் மழை பெய்ததையும், எல்லோரும் லாரி மேல் ஏறி நனைந்ததையும் சொன்னான். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பட்டை தீர்ந்து பொத்தான் டக்கென்று எழும்பியது.

கோபம் முதலில் வந்தது, நன்றாக வந்தது. பொய் சொன்னானே, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னானே, ரெண்டு வருஷம், இருபத்திரண்டும் இருபத்து மூன்றும், யார் கொடுப்பார் அதை? கோபத்தின் பின்னாலேயே இன்னொன்று வந்தது. ரெண்டு வருஷம் கழித்து வந்து இறங்கின அன்றைக்கு, ஜனமெல்லாம் கலைந்த பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார், "அந்தக் கேசட்டு, கடைசியா அனுப்புனது, ஒண்ணுமே கேக்கலயா?" என்று. "அதான் எழுதுனேன்ல, சிக்கிப்போச்சு" என்றாள் இவள், இன்னும் ஆறாமல். "அப்பிடியா" என்றார். அந்த 'அப்பிடியா'வை அன்றைக்கு அலட்சியம் என்று எடுத்துக்கொண்டாள். இப்போது எத்தனை திருகித் திருகிக் கேட்டாலும் அது அலட்சியமாகக் கேட்கவில்லை. அவர் கதவு ஒன்றைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், இவள் போகிற போக்கில் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். பாட்டரி பன்னிரண்டு என்று லேப்டாப் எச்சரித்தது. முதல் பத்து நிமிஷத்தைத் தனியாக வெட்டிச் சேமித்தாள், பூனையும் சலாம்களும் 'நல்லா இருக்கியா புள்ள'யும். கிரேஸ் மேடத்துக்கு அது போதும். மிச்சத்தை வேறு பெயரில் வைத்தாள். அது மேடத்துக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை.

உள்ளே போனாள். அவர் விழித்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. இவளைப் பார்த்ததும் இடது கையை ஊன்றித் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். உதடு கூடிற்று, நாக்கு மேலண்ணத்தைத் தேடிற்று, கழுத்து நரம்பு புடைத்தது. வழக்கம் போல அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சிவந்து, வாய் கோணி, மூடிக்கொண்டது. கண் தாழ்ந்தது. அப்போதுதான் அவளுக்கு நெஞ்சுக்குள் பளீரென்று அடித்தது, ஏழு மாசமாகத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று. மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, கட்டிலுக்கு முதுகு காட்டி, ஜன்னல் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் ஒரு காக்கையும்.

"மச்சான்" என்றாள் ஜன்னலைப் பார்த்து. "அந்தக் கேசட்டு சிக்கல. நான் சொன்னது பொய்யி. பாதில நிறுத்திட்டேன். மீதிய இன்னிக்குத்தான் கேட்டேன்." முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. "எனக்குக் கோவந்தான். லீவுப் பேப்பர வச்சுக்கிட்டுப் பொய் சொன்னீகள்ல, அந்தக் கோவம் இனிமேத்தான் வரணும், வரும். அது இருக்கட்டும். கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீகள்ல. கேட்டேன்." திரும்பிப் பார்க்க உடம்பு பறந்தது. மடியில் இரண்டு கையையும் கோத்து இறுக்கிக்கொண்டாள். காக்கை பறந்துபோயிற்று. பள்ளிவாசலில் அசர் பாங்கு ஆரம்பித்து முடிந்தது. அவள் அசையவில்லை. வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. அ என்றும் இல்லாமல் எ என்றும் இல்லாமல் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. நின்றது. மறுபடி வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக, ஏறி, இறங்கி, நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பு மாதிரி உடைந்து, மேலே போயிற்று. பயிற்சியில் வருகிற மாதிரி முக்கி முக்கி வரவில்லை, தன்பாட்டில் வந்தது. ஒரு எழுத்துக்கூட அவளுக்கு விளங்கவில்லை. எதையோ வரிசையாகச் சொல்கிறார் என்பது மட்டும் விளங்கிற்று, நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்குவது விளங்கிற்று. அவள் திரும்பாமல் நாற்காலியை மட்டும் சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.